பிடித்த கைக்குக் கணக்கு உண்டா?

இராணுவப் பொலிஸ் படையினரைக் கட்டுப்படுத்த ஏற்பட்ட பிரிவு. லீவு முடிந்தும் முகாமுக்குத் திரும்பாத சிப்பாயைத் தேடிப் பிடிப்பது அதன் வேலை. சாதாரண காலத்தில் ஊர்ச்சனத்தின் மீது அதற்குத் தனி அதிகாரம் எதுவும் இல்லை. கண்முன்னே பாரிய குற்றம் நடந்தால் எந்தத் தனியாளும் குற்றவாளியைப் பிடித்துப் பொலிஸில் ஒப்படைக்கலாம் என்கிறது இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. படையினருக்கும் அவ்வளவுதான்.

இந்த எல்லையை அகட்டியது 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். ஜனாதிபதி அழைத்தால் ஆயுதப்படையினர் தேடுதல் நடத்தலாம், கைதும் செய்யலாம். அவசரகால விதிகள் இந்த அதிகாரத்துக்கு ஒரு கடிவாளமும் போட்டன: படையினர் பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும், கைதை உறுதிப்படுத்தும் எழுத்துச் சான்றை உறவினருக்குக் கொடுக்க வேண்டும்.

போரின் இறுதிக் காலமான 2009இல் வவுனியா நகரை அடுத்த நெளுக்குளத்தில் கலைமகள் வித்தியாலயம் இடம்பெயர்ந்தோர் முகாமானது. உள்ளே இருந்தவர்கள் தம் விருப்பப்படி வெளியேற முடியாது, காவல் இராணுவத்துடையது. போராளிகள் சனத்தோடு கலந்திருக்கிறார்கள், பிரித்தறிய வேண்டும் என்றது அரசு. அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆனால் குழந்தைகளும் முதியவர்களுமாக ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் பேரை இத்தகைய பல முகாம்களில் மாதக்கணக்கில் கம்பிவேலிக்குள் வைத்திருந்ததைப் பிரித்தறிதல் என்று சொல்ல முடியுமா?

அதைவிடக் கனமான கேள்வி சரணடைந்தவர்களைப் பற்றியது. 2009 மே 18 அன்று முல்லைத்தீவில் கணவர் எழிலன் தன் கண்முன்னே இராணுவத்திடம் சரணடைந்தார் என்று அனந்தி சசிதரன் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். சரணடைந்தோர் பட்டியல் இருக்கிறது என 2016இல் முல்லைத்தீவு நீதிமன்றில் 58ஆவது படைப்பிரிவின் தளபதி ஒப்புக்கொண்டார். கடைசியில் வந்தது புனர்வாழ்வு பெற்றவர்களின் பட்டியல். 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்தையே பொறுப்பாளியாக்கி, எழிலனை மன்றில் நிறுத்தும்படி கட்டளையிட்டது. அதற்குள் பதின்மூன்று வருடங்கள் ஓடிவிட்டன.

2021 ஜூனில் ஏறாவூரில் கொரோனாப் பயணத்தடையை மீறியவர்களைப் படையினர் நடுவீதியில் கைகளை உயர்த்தி முழந்தாளிட வைத்தனர். படம் பரவியதும் இராணுவப் பொலிஸ் விசாரணை தொடங்கியது, சம்பந்தப்பட்டவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். இராணுவப் பொலிஸுக்கு உரிய வேலை இதுதான், விரைவாகவும் நடந்தது. என்றாலும் அவமானப்பட்டவர் குடிமகன், விசாரிப்பவரோ அவரை அவமானப்படுத்தியவரின் படையைச் சேர்ந்தவர். படம் எடுக்க ஒருவர் அங்கே இல்லாதிருந்தால் அந்த விசாரணையும் நடந்திருக்குமா என்பது சந்தேகமே. சிவில் பொலிஸும் நீதவானும் தலையிட வேண்டிய இடம் அது.