ஆயியின் மகள்

எனக்குப் பேச்சு வந்தது சீனாவில். ஜெஜியாங் மாகாணத்தில், ஷாவ்சிங் நகரத்தை ஒட்டிய கேச்சியாவ் என்ற ஊரில். உலகின் மிகப் பெரிய துணிச் சந்தைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. அந்தச் சந்தையை நம்பி இந்தியாவிலிருந்து போய்த் தங்கிய வியாபாரிகள் ஏராளம். ஈரோட்டிலிருந்து அப்படிப் போனவர் என் அப்பா. 1998இல், ஒன்றரை வயதுக் குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் போனார். 2004இல், எனக்கு ஏழு வயதில், ஊர் திரும்பினோம்.

அப்பா கடை கடையாக ஏறி இறங்குவார். அம்மா அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பார். என்னை வளர்த்தவர் அன்ஹுய் மாகாணத்தில் ஃபூயாங் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண். அவரை நான் 'ஆயி' என்று கூப்பிட்டேன். சீனத்தில் அம்மாவின் வயதொத்த பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் அதே சொல்தான். விடுமுறைக்கு ஈரோடு வந்தபோது நான் ஆயி, ஆயி என்று அழுததைக் கேட்டு என் பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவ குத்துக்கல்லாட்டம் நிக்கறப்ப வேலைக்காரிய ஆயிங்கறாளே!" தமிழில் அந்தச் சொல்லுக்குத் தாய் என்று பொருள் இருப்பது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் மாற்றிக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

ஊர் திரும்பிய இரண்டே ஆண்டுகளில் சீனம் மறந்துபோனது. கல்லூரிக் காலத்தில் சென்னையில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து மறுபடி படித்தேன். முதல் நாள் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். வாயைத் திறந்ததும் 'அன்' என்று வந்தது. ஆசிரியை சிரித்துவிட்டார். 'நான்' என்பதற்கு 'வோ' என்றுதான் சொல்ல வேண்டும், 'அன்' என்பது கிராமத்துப் பேச்சு, எங்கே பிடித்தாய் என்று கேட்டார். நான் பிடிக்கவில்லை. அந்த மொழியில் 'நான்' என்ற சொல்லையே ஆயிதான் எனக்குக் கொடுத்திருக்கிறார், அவருடைய ஊர்ச் சொல்லாக.

2019 ஜூலையில், 22 வயதில், அப்பாவோடு கேச்சியாவுக்குப் போனேன். நாங்கள் குடியிருந்த கட்டடம் அப்படியே நின்றது. கீழ்த்தளத்தில் மட்டும் திரைச்சீலைக் கடை வந்திருந்தது. கால்வாய் இருந்தது. படிக்கட்டின் கைப்பிடி என் இடுப்பளவுக்கு வந்தது. அது என் தலைக்கு மேல் இருந்ததாக நினைவு.

ஷாவ்சிங் எழுத்தாளர் லூ சுன் பிறந்த ஊர். 1921இல் வெளிவந்த அவருடைய 'சொந்த ஊர்' கதையில், பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்புகிறவனைச் சிறுவயதுத் தோழன் 'ஐயா' என்று கூப்பிடுகிறான். அந்த ஒரு சொல்லில் இருவருக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. அப்படி ஒரு சுவரை நானும் எதிர்பார்த்துத்தான் போனேன். அப்பாவின் பழைய வியாபார நண்பர் ஒருவர் மூலமாக ஆயியின் வீசாட் எண் கிடைத்தது. திரையில் தெரிந்த நரைத்த தலை, "நீநீ, சாப்பிட்டாயா?" என்று கேட்டது. அவர் எனக்கு வைத்த செல்லப் பெயர் அது. அங்கே சுவர் எதுவும் இல்லை. ஆயி இப்போது கிராமத்தில் பேரனை வளர்த்துக்கொண்டிருந்தார். "என் மகள் உங்கள் சந்தையில்தான் வேலை செய்கிறாள், போய்ப் பார்" என்றார்.

ஆயிக்கு ஒரு மகள் இருப்பது எனக்குத் தெரியும். தலையணைக்கடியில் ஒரு போட்டோ வைத்திருப்பார். ஆனால் அந்தப் போட்டோவில் இருந்தவளும் என்னைப் போலவே ஒவ்வொரு நாளும் விடிந்து எழுந்து யாரையோ தேடியிருப்பாள் என்று அந்த ஜூலை வரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்றாள். மதியம் ஒரு நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போனாள். நான் வாயைத் திறந்து 'அன்' என்றதும் கரண்டியைக் கீழே வைத்தாள். "அது எங்கள் வீட்டுப் பேச்சு" என்றாள்.

பிறகு சொன்னாள். வருடத்தில் ஒரே ஒரு முறை, வசந்த விழாவுக்கு, பதினைந்து நாள் அம்மா வருவார். பன்னிரண்டாவது நாளே மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார். ஒரு வருடம் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று விரல்விட்டு எண்ணச் சொல்லிக்கொடுத்தார். அது என்ன மொழி என்று அவளுக்குத் தெரியாது. 2003இல் அம்மா வரவே இல்லை. பேருந்து நிற்கும் இடத்தில் மூன்று நாள் போய் நின்றிருக்கிறாள்.

2003 எனக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அம்மை போட்டிருந்தது. ஆயி போகக் கூடாது என்று நான் கத்தினேன். அம்மா இரட்டைச் சம்பளம் தருவதாகச் சொல்லி அவரை நிறுத்திக்கொண்டார். இரவெல்லாம் ஆயி பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொறியாமல் என் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் குழந்தைப்பருவத்தின் மிக இனிய நினைவாக அதைத்தான் நான் பலரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

ஒரு குழந்தைக்குக் கிடைத்த அன்பு, இன்னொரு குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்டதாக இருந்தால், பெற்றுக்கொண்டவள் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியைத்தான் அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஈரோட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது முதல் பதில் உடனே வந்தது. "நாம சும்மாவா வெச்சிருந்தோம் கண்ணு? சம்பளம் குடுத்தோமல்ல." உண்மைதான். அந்தச் சம்பளத்தில்தான் அந்த மகள் படித்தாள். சீனக் கிராமப் பள்ளிகளில் கட்டாயக் கல்விக்கான கட்டணம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது 2007இல்தான். அதற்கு முன் காசு கட்ட வேண்டும். ஆனால் சம்பளம் சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் பேசப்பட்டது. கையைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்த இரவுக்கு யாரும் விலை பேசவில்லை. பேசியிருந்தால் யாருக்கும் கட்டுப்படியாகியிருக்காது.

இரண்டாவது பதிலை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்பு என்ன சோற்றுப் பானையா, ஒருத்திக்குப் போட்டால் இன்னொருத்திக்குக் குறைய? ஆயிக்கு எங்கள் இருவர் மேலும் அன்பு இருந்தது. இதைச் சொன்னால் மனம் லேசாகிறது. அதனாலேயே இதைச் சந்தேகிக்கிறேன். அன்பு குறையாமல் இருக்கலாம். இரவுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. தலை பின்னும் காலை வேளைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அவையெல்லாம் என் பக்கம் விழுந்தன. அவளுக்கு வருடத்தில் பதினைந்து, ஒரு வருடம் அதுவும் இல்லை.

மூன்றாவது பதில், அது ஆயியாக எடுத்த முடிவு என்பது. மகளைக் கூடவே அழைத்து வந்திருக்கலாமே என்று கேட்கலாம். சீனாவில் 1958 முதல் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரில் பதிவு செய்யப்பட்டிருக்கிறார்கள். அதை ஹுகோவ் என்கிறார்கள். பள்ளியும் மருத்துவமும் அந்தப் பதிவோடு கட்டப்பட்டவை. கிராமத்துப் பதிவுள்ள குழந்தைக்கு நகரத்து அரசுப் பள்ளியில் இடம் எளிதில்லை. நகரத்துக்கு அந்தத் தாயின் கைகள் வேண்டும். அவர் பிள்ளை வேண்டாம்.

2013இல் அனைத்துச் சீனப் பெண்கள் கூட்டமைப்பு, இப்படிக் கிராமத்தில் விடப்பட்ட குழந்தைகள் 6 கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டது. 2016இல் அரசு எடுத்த கணக்கில் அது சுமார் 90 லட்சம் ஆனது. வரையறை மாறியதே முக்கியக் காரணம். தாய் தந்தை இருவரும் வெளியூரில் இருந்தாலோ, ஒருவர் வெளியூரிலும் மற்றவர் பார்த்துக்கொள்ள இயலாத நிலையிலும் இருந்தாலோதான் புதிய கணக்கில் சேரும். ஆயியின் கணவர் ஊரிலேயே விவசாயம் செய்தவர். அந்த வரையறையின்படி, பேருந்துக்காக மூன்று நாள் காத்து நின்ற சிறுமி விடப்பட்ட குழந்தையே அல்ல.

ஷாவ்சிங்கின் நடுவில் ச்சியூ ஜின்னுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. பெண்களின் கால்களைக் கட்டும் வழக்கத்தை எதிர்த்தவர், பெண்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர், 1907இல் அதே இடத்தில் தலை வெட்டிக் கொல்லப்பட்டவர். 1904இல் கணவரையும் இரண்டு குழந்தைகளையும் விட்டுவிட்டு ஜப்பானுக்குப் படிக்கப் போனவரும் அவரே. அவர் போனதில் எனக்கு வருத்தமில்லை. அப்படிப் போனவர்களால்தான் நான் எழுதுகிறேன். ஆனால் தூணின் கீழே நின்றபோது ஆயி நினைவுக்கு வந்தார். குடும்பத்திலிருந்து விடுபடப் பிள்ளையைப் பிரிந்தவருக்குத் தூண் இருக்கிறது. பிள்ளையைப் படிக்க வைக்கப் பிள்ளையைப் பிரிந்தவர்களுக்கு இல்லை. அவர்களிடம் 'பெற்ற பிள்ளையை எப்படி விட்டு வந்தாய்' என்ற கேள்வி மட்டும் இருக்கிறது. அந்தக் கேள்வியை ஆயியின் கணவரிடமோ என் அப்பாவிடமோ யாரும் கேட்டதில்லை. அம்மா வேலைக்குப் போக ஆயி வந்தார். ஆயி வேலைக்கு வர அவர் மாமியார் பேத்தியை வளர்த்தார். இன்று மகள் சந்தையில் நிற்க ஆயி பேரனை வளர்க்கிறார். சங்கிலி முழுக்கப் பெண்கள். நானும் அம்மாவும் வாதாடியதுகூட இரண்டு பெண்களுக்குள் நடந்த வாதம்தான். அப்பா அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குற்றவாளி இல்லை. அம்மை போட்ட ஆறு வயதுக் குழந்தை அழுதது குற்றமாகாது. ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. நாம் வாங்காத கடனுக்கும் நாம் பொறுப்பாவது உண்டு. தாத்தா வாங்கிய நிலத்தின் விளைச்சலைச் சாப்பிடுகிறவர்கள் தாத்தாவின் கடனைத் தெரியாது என்று சொல்ல முடியாதல்லவா? விளைச்சலைச் சாப்பிட்டவள் நான்.

நூடுல்ஸ் கடையில் இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அழுகை வந்தது. "மன்னித்துவிடு" என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். "நீ அப்போது சின்னப் பெண். உன்மேல் தப்பில்லை" என்றாள். பிறகு, "ஆனால் அது ஒன்றுமில்லை என்று என்னைச் சொல்லச் சொல்லாதே" என்றாள்.

நான் செய்ய முயன்றது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. அவள் அம்மா ஆறு வருடம் என் கண்ணீரைத் துடைத்தார். இப்போது மகளும் துடைக்க வேண்டும் என்று எதிரில் போய் உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்பது கடனைத் தீர்ப்பது போலத் தெரிந்தாலும், அந்த வீட்டிடம் இன்னொரு வேலை வாங்குவதாகவே அது இருந்தது, அதுவும் இந்த முறை சம்பளமில்லாமல். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குக் காசை அவளே கொடுத்தாள். நான் பர்ஸை எடுத்தபோது, "எங்கள் ஊர்ப் பழக்கம்" என்றாள். வெளியே கால்வாய் ஓரமாக நடந்தோம். அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "உனக்கு எப்படித் தலை பின்னிவிடுவார்?"

ஆயி என்மேல் வைத்திருந்த அன்பைப் பற்றி அவளிடம் பேசுவது கொடுமை என்று நினைத்து, வந்ததிலிருந்து அதை மறைத்தே பேசிக்கொண்டிருந்தேன். அவளோ அதைத்தான் கேட்டாள். அவள் அம்மாவின் வாழ்க்கையில் ஆறு வருடம் அவளிடம் இல்லை. அது என்னிடம் இருந்தது.

சொன்னேன். முட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்துக்கொள்வார். சீப்பைத் தண்ணீரில் நனைத்துத்தான் வாருவார். ரிப்பனின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னுவார், அந்த நேரத்தில் மட்டும் பேச மாட்டார். குளிர்காலத்தில் முதலில் தன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பிறகுதான் என் கழுத்தைத் தொடுவார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பொதுத் தொலைபேசிக்கு என்னையும் கூட்டிப்போவார். பேசி முடித்துத் திரும்பும் வழியில் என் கையை இறுக்கிப் பிடிப்பார், வலிக்கும்.

அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். மறுத்துப் பேசவில்லை, நன்றியும் சொல்லவில்லை. கடை திறக்க வேண்டிய நேரம் வந்ததும் நின்று, "ரிப்பன் என்ன நிறம்?" என்று கேட்டாள்.

சிவப்பு, என்றேன்.