குடியேறும் ஊரும் குடியேறுவோர் கடமையும்

வெளிநாடுகளில் பல்லாண்டுகள் பொருளீட்டித் திரும்புகிறவர்கள், பணியிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுச் சொந்த ஊரைவிட்டுப் புறப்படுகிறவர்கள் என்று இடம்பெயர்வோர் இன்று நம் குடும்பங்களில் மிகுதி. எந்த ஊருக்குப் போகலாம் என்று பேச்சு எழும்போது கடற்கரை ஊர்களின் பெயர்கள் முன்னே வருகின்றன. நடுக்கும் குளிர் இல்லை, மாலையானால் கடற்காற்று, கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசல், முகங்கொடுத்துப் பேசும் மக்கள். தூத்துக்குடியா, காயல்பட்டினமா, கீழக்கரையா என்று வீட்டில் ஆலோசனை நடக்கிறது. "அங்குள்ளவர்கள் நம்மை ஏற்றுக்கொள்வார்களா?" என்று வீட்டுப் பெண்கள் கவலையோடு கேட்கிறார்கள்.

இக்கேள்வி நியாயமானதே. ஆயினும் இது பாதிக் கேள்விதான். ஓர் ஊரின் அன்பை நாடிப் போகிறவனுக்கு அவ்வூரின்மீது என்ன கடமை என்னும் மறுபாதியை நம்மில் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

ஊர் நிலையானது, மனிதன்தான் இடம்பெயர்கிறான் என்று எண்ணுகிறோம். முத்துக்குளித்துறைக் கரையிலோ ஊரே பெயர்ந்திருக்கிறது. பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை, பொருநையாறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடலைப் பிரிந்து, இன்று உள்நாட்டுச் சிற்றூராக இருக்கிறது. அடுத்து எழுந்த காயல் துறைமுகத்தையும் வண்டல் விடவில்லை. பின்னர் வாணிகம் தூத்துக்குடிக்கு நகர்ந்தது. போர்த்துக்கீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் அங்குதான். 1974இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இக்கரையில் வாழ்பவர்களில் யாருடைய முன்னோர் எப்போது வந்தார்கள் என்று தோண்டத் தொடங்கினால், ஏதோ ஒரு தலைமுறையில் எல்லோரும் வந்தேறிகளாகவே இருப்போம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் அங்கு தங்கிச் சென்றன. அந்நாட்டு மன்னர் அயல்நாட்டு வணிகரிடம் நேர்மையாக நடந்துகொண்டதால், அவர்கள் விருப்பத்தோடு அவ்வூருக்கு வந்தார்கள் என்கிறார் அவர். வரவேற்பு என்றால் புன்னகையும் பன்னீரும் என்று நாம் நினைக்கிறோம். அந்நியனின் பொருளுக்கும் உயிருக்கும் உரிமைக்கும் பாதுகாப்புக் கிடைப்பதே வரவேற்பின் அடித்தளம் என்பதை இச்செய்தி காட்டுகிறது.

வந்தவர்களிலும் இரு வகையினர் உண்டு. முத்துக்குளிப்புக் காலம் வந்தால் கரையில் திடீரென ஓர் ஊர் முளைக்கும். குளியாளிகள், சம்மாட்டிகள், வணிகர்கள், வட்டிக்குக் கொடுப்போர் எல்லோரும் கூடுவர். சிப்பி தீர்ந்ததும் பந்தல் பிரியும், கூட்டம் கலையும். 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளுக்குப் பின் அத்தொழிலே நின்றுவிட்டது. அந்தப் பந்தல் ஊரின் சுவடு இன்று கரையில் இல்லை. கிணறு வெட்டியவர்கள், பள்ளிவாசல் கட்டியவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், அங்குள்ள மையவாடியிலேயே அடங்கியவர்கள் ஆகியோரின் சுவடுதான் நிற்கிறது. நாம் குடியேறும் ஊரில் பந்தல் போட்டுச் சிப்பி பொறுக்கப் போகிறோமா, கிணறு வெட்டப் போகிறோமா?

ஹிஜ்ரத்தின் வரலாறு இதற்கு வழிகாட்டுகிறது. மதீனாவின் அன்ஸாரித் தோழர் ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள், தம் செல்வத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுமாறு மக்காவிலிருந்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்களிடம் கூறினார்கள். அவர்களோ அதற்காகத் துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார்கள். கொடுப்பவர் கணக்குப் பார்க்கவில்லை. பெறுபவர் அதைச் சாக்காக்கிக் கொள்ளவில்லை. இவ்விரண்டும் சேர்ந்ததால்தான் மதீனா மதீனாவாயிற்று. அன்று அவ்வூரின் தட்பவெப்பம் முஹாஜிர்களுக்கு ஒத்துக்கொள்ளவுமில்லை. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) போன்றோர் காய்ச்சலில் வாடினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஊரைக் குறைகூறவில்லை. மக்காவைப் போல, அல்லது அதனினும் மேலாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமானதாக ஆக்குவாயாக என்று இறைஞ்சினார்கள். ஊரின் இதம் காற்றில் மட்டும் இல்லை. நம் உள்ளத்திலும் அது பிறக்க வேண்டும்.

"கையில் ஒன்றுமின்றி விரட்டப்பட்டு வருகிறவனிடம் கடமையைப் பேசலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார் முத்துக்கரையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தனர். பெரும்பாலோருக்குப் புத்தளம் இடம் கொடுத்தது. ஆனால் அகதி வாழ்வு ஆண்டுக்கணக்கில் நீண்டபோது நிலம், வேலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றில் நெருக்கடி ஏற்பட்டு மனக்கசப்பும் தோன்றியது. ஒரு நாள் விருந்து எளிது. பத்தாண்டு அண்டைவாழ்வு கடினம். விரட்டப்பட்டவனுக்குக் கடமை குறைவு, ஊராருக்கே அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால், விரும்பிப் பணத்தோடு போகிற நமக்குக் கடமை அதிகமன்றோ? நாம் கேட்ட விலை கொடுத்து மனை வாங்க வாங்க, அவ்வூரில் பிறந்த உப்பளத் தொழிலாளியின் வாடகை ஏறுமானால், நம் வசதிக்கு அவன் விலை கொடுக்கிறான்.

ஊரின் தென்றல் நமக்கு, அதன் துன்பம் அவர்களுக்கு என்று பிரித்துக்கொள்ளவும் முடியாது. தூத்துக்குடியில் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய், ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டனர். தங்கள் ஊரைச் சுற்றிலும் வெள்ளம் நிற்க, அருகிலுள்ள புதுக்குடி மக்கள் இருந்ததைச் சமைத்து அவர்களுக்கு உணவளித்தார்கள். தமக்கே தேவை இருந்தும் பிறரை முற்படுத்தியோரை ஸூரத்துல் ஹஷ்ர் புகழ்வதை ஓதுகிறோமே, அப்பண்பு பொருநைக் கரையில் அன்று கண்ணெதிரே நடந்தது. வரவேற்கும் ஊர் எது என்று தேடுகிறவர்கள் இத்தகைய நாளில் அவ்வூர் எப்படி நடந்தது என்று பார்க்கட்டும். அடுத்த வெள்ளத்தில் தம் வீட்டு அடுப்பு யாருக்காக எரியும் என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

புது வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே அண்டை வீட்டாரை நாமே தேடிச் செல்வோம். மஹல்லா ஜமாஅத்தில் பெயரைப் பதிவதோடு நில்லாமல், அங்குள்ள கைம்பெண்கள், நோயாளிகள் யாரென்று அறிவோம். வேலைக்கு அவ்வூராரையே அமர்த்துவோம். பரதவரோ நாடாரோ எவராயினும் அண்டை வீட்டார் அண்டை வீட்டாரே. அவர்களின் உரிமையை நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியபோது மதத்தை நிபந்தனையாக்கவில்லை.

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிக்கப்படும் என்ற நபிமொழி ஹிஜ்ரத்தையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. உலக இலாபம் நாடிப் போனவனுக்கு அதுவே கிடைக்கும். ஆகவே மனைப்பத்திரத்தைச் சரிபார்க்கும் முன் நம் நிய்யத்தைச் சரிபார்த்துக்கொள்வோம். நாம் போய்ச் சேரும் ஊருக்கு நம் வரவை நன்மையாக ஆக்கி வைக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.