பயன்படா வலுவும் உடைமையின் அறமும்

உடைமை என்பது யாது என்னும் வினாவை மெய்யியலாளர் பெரும்பாலும் நிலத்தையும் பொன்னையும் முன்வைத்தே ஆராய்ந்துள்ளனர். அதனை ஒரு மோட்டார்க் காரை முன்வைத்து எழுப்புவது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். யப்பானிய நிறுவனங்கள் ஆக்கும் சொகுசுக் கார்களுள் ஒரு வகை, நான்கு கதவுகளும் குடும்பத்தினர்க்கான இருக்கைகளும் கொண்டதாயினும், பந்தயக் காரின் இயல்புகள் சிலவற்றையும் தன்னகத்தே உடையது. அதனை வாங்குவோன் தான் வீதியில் ஒருபோதும் முழுமையாகப் பயன்படுத்த இயலாத வலுவிற்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றான். அத்தகைய உடைமை தகுமா என்பதே நமது வினா.

யப்பானிய அதிவேக நெடுஞ்சாலைகளில் மணிக்கு 100 கிலோமீற்றரே நெடுங்காலம் உச்ச எல்லையாக இருந்தது. அண்மைக் காலத்திலேதான் சில பகுதிகளில் அது 120 ஆக உயர்த்தப்பட்டது. 1988இல் அந்நாட்டின் வீதி மரணங்கள் 10,000ஐத் தாண்டின. இச்சூழ்நிலையில் கார் உற்பத்தியாளர், எந்தக் காரும் 280 பரிவலுவிற்கு மேற்படுதல் ஆகாது எனத் தமக்குள் ஓர் இணக்கத்தைக் கொண்டிருந்தனர். 180 கிலோமீற்றருக்கு மேற்செல்லாவண்ணம் தடுக்கும் அமைப்பும் கார்களில் இடம்பெற்றது. ஆகவே, உரிமையாளனின் கையில் 280 பரிவலு. காரின் உள்ளேயே 180 என்னும் தடை. வீதியிலோ 100 என்னும் சட்டம். இணக்கத்தின் கதை இன்னும் சுவையானது. பல கார்களின் விபரப் பத்திரங்களில் 280 என்றே எழுதப்பட்டிருப்பினும், அவற்றுட் சிலவற்றின் எஞ்சின்கள் உண்மையில் அதனினும் மிக்க வலுவுடையன என்பது பரவலாக அறியப்பட்டிருந்தது. அடங்கியது எண்ணே; வலு அடங்கவில்லை. 2004இல் ஹொண்டா நிறுவனத்தின் லெஜண்ட் 300 பரிவலுவுடன் வெளிவந்தபோது அந்த எண்ணும் கட்டவிழ்ந்தது.

செல்வம் என்பது வைத்திருத்தலினும் பயன்படுத்துதலிலேயே உள்ளது என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. இதன்படி நோக்கின் வீதியில் வெளிப்பட இயலாத வலு செல்வமே அன்று. பின் அது யாது? பிறர் காணுமாறு செலவிடுதல் பற்றி 1899இல் வெப்லன் எழுதியவை இங்கு ஓரளவு பொருந்தும். யப்பானில் 1998இல் ரொயோட்டா அல்டெஸ்ஸா என வெளிவந்த காரே கடல் கடந்தபோது லெக்சஸ் ஆயிற்று. நிசானின் ஸ்கைலைன் அமெரிக்காவில் இன்பினிற்றி என்னும் பெயர் பூண்டது. 2014இல் யப்பானிலேயே விற்பனைக்கு வந்த ஸ்கைலைன் இன்பினிற்றிச் சின்னத்தைத் தாங்கியது. 2019இல் மீண்டும் நிசான் சின்னத்திற்குத் திரும்பியது. சின்னத்தை மாற்றுவதால் சில்லு வேறாகச் சுழல்வதில்லை. மாறுவது காண்போர் மனத்தில் அது பெறும் இடமே. அந்த இடத்தை விலைக்குப் பெற்றவன் தன் உடைமையின் பாதியைப் பிறர் கண்களில் வைத்துள்ளான் எனலாம். அவர் பார்வையைத் திருப்பினால் அப்பாதி இல்லாதொழியும்.

ஆயினும், இவ்வளவில் நின்று கார் விரும்புவோர் அனைவரையும் பகட்டர் என ஒதுக்குவது நேர்மையாகாது. காரை உடைமையாகக் கொள்ளுதல் வேறு, செலுத்துதல் வேறு. வளைவினை அணுகும் சாரதி வேகத்தைத் தணிக்கும்போது காரின் பாரம் முன் சில்லுகளின்மேற் சாய்கின்றது. அவை வீதியை இறுகப் பற்றுகின்றன. அப்பற்றுதலின் அளவு திசைமாற்றிச் சக்கரத்தின் வழியாக அவன் உள்ளங்கைக்கு எட்டுகின்றது. வளைவு முடியும் இடத்தில் மீண்டும் வலுவூட்ட, பின் சில்லுகள் காரை உந்துகின்றன. இதனை உணர்ந்து செய்வதற்குப் பயிற்சி வேண்டும். மிருதங்கக் கலைஞனின் விரல்களுக்குள்ள அறிவை ஒத்த ஓர் அறிவு அது. குதிரையும் அதனைச் செலுத்துவோனும் ஓருடலாதல் என்னும் பொருள்படும் யப்பானியத் தொடர் ஒன்றை மஸ்டா நிறுவனம் தன் சிறிய இரு இருக்கைக் காரின் இலட்சியமாகக் கொண்டது வெறும் விளம்பரம் என்று தோன்றவில்லை. பரிமேலழகர் பற்றினை 'யான்' என்னும் அகப்பற்று, 'எனது' என்னும் புறப்பற்று என இரண்டாக்குவர். முழுக் கவனத்துடன் செலுத்துவோனிடத்து அக்கணத்திலேனும் இவ்விரண்டும் பின்வாங்குகின்றன. கார் தரிப்பிடத்தில் நிற்கும்போதே அவை திரும்பி வருகின்றன.

ஆனால் இவ்வின்பத்தைக் காட்டி 300 பரிவலுவிற்கு நியாயம் தேடுதல் இயலாது. 1989இல் வெளிவந்த மேற்கூறிய மஸ்டா காரின் எஞ்சின் 1.6 லீற்றர், அதன் வலு 120 பரிவலுவே. அல்டெஸ்ஸாவின் இரண்டு லீற்றர் எஞ்சினும் 210ஐத் தாண்டவில்லை. செலுத்தும் கலை இவற்றில் குறைவுபட்டதாக அறிந்தோர் எவரும் கூறார். சாரதியின் இன்பத்தை முன்னிறுத்தி உரிமையாளனின் செருக்கிற்காக வாதாடுவது, ஒருவன் பெற்ற சான்றிதழை மற்றவன் காட்டுவது போன்றது.

இனி, இவ்விருவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் உளர். வேகம் இரட்டிக்கும்போது மோதலின் ஆற்றல் நான்மடங்காகும் என்பது பாடசாலைப் பௌதிகம். இணக்கம் கைவிடப்பட்ட 2004இல் யப்பானிய வீதி மரணங்கள் 8,000க்கும் குறைந்திருந்தன. ஆகவே வலு குற்றமற்றது என வாதிடலாம். ஆசனப்பட்டி, காற்றுப்பை, 2002இல் கடுமையாக்கப்பட்ட மதுபோதைச் சட்டம் ஆகியன இக்குறைவிற்குத் துணைநின்றன. இவற்றுள் முதலிரண்டும் காரினுள் இருப்போரையே காப்பன. 2008இல் இறந்தோருள் காரிற் சென்றோரை விட நடந்து சென்றோரே மிகுந்தனர். உள்ளிருப்பவன் இன்பத்தையும் பாதுகாப்பையும் ஒருங்கே பெறுகின்றான். வெளியே நடப்பவனோ தான் கேளாத இடரில் பங்கு பெறுகின்றான். நான் இவ்வுடைமையை ஐயுறுவதற்குப் பகட்டைவிட இதுவே வலிய காரணம்.

கல்வியும் பெரும்பாலும் பயன்படாமற் கிடப்பதுதானே, அறிஞனின் நூலகத்தில் அவன் திறவாத நூல்கள் இல்லையா என்று ஒருவர் வினவக்கூடும். வினா கூரியதே, பல்கலைக்கழகத்தில் வாழும் நாம் அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் திறவாத நூல் வழிப்போக்கர் எவர்மேலும் பாய்வதில்லை. காரின் வலுவோ ஒரு பாதத்தின் அழுத்தத்திற்குக் காத்திருக்கின்றது. அப்பாதம் சினமுற்றவனுடையதாகவும் இருக்கலாம், உறக்கம் கெட்டவனுடையதாகவும் இருக்கலாம். நம் நாட்டில் ஓடும் கார்களுட் பெருந்தொகையின யப்பானில் முன்னர் ஓடியவையே. அங்குப் பாதசாரிக்கெனத் தனி நடைபாதை உள்ள வீதிகளிற் சென்ற கார், இங்கு ஆட்டோவும் சைக்கிளும் பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே ஓரத்தைப் பகிரும் வீதிக்கு வருகின்றது. அதன் பரிவலு மட்டும் குறையாமல் உடன் வருகின்றது.