அடக்கமும் இறுக்கமும்

கோபத்தை அடக்குவதும் வார்த்தையைக் காப்பதும் உத்தம தர்மங்கள் என்பதில் நம் முன்னோரிடையே கருத்து வேற்றுமை இருந்ததில்லை. ஆயினும், வாய் மூடியிருப்பதும் மனம் அடங்கியிருப்பதும் ஒன்றுதானா என்னும் கேள்வி ஞானிகளின் சபையில் எழுவதைப் போலவே, தாடை வலியால் வருந்தும் ஒருவர் வைத்தியரின் முன் அமர்ந்திருக்கும் இடத்திலும் எழுகிறது.

காதுக்குச் சற்று முன்னே இருபுறமும் அமைந்துள்ள தாடை மூட்டு, சுழல்வதோடு நில்லாமல் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லவும் வல்லது. எலும்புகள் உராயாதவாறு நடுவே மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. கீழ்த்தாடை ஒரே எலும்பாதலால், ஒரு பக்கத்து மூட்டின் துன்பத்தில் மறுபக்கத்து மூட்டும் பங்குகொள்ள நேர்கிறது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் பற்கள் ஒன்றையொன்று தொட்டு விலகுகின்றன. மற்ற வேளைகளில் உதடுகள் சேர்ந்திருக்க, பற்களுக்கிடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயற்கை. ஆனால் கவலையிலோ, கருமத்தில் ஊன்றிய கவனத்திலோ, உறக்கத்திலோ தம்மையறியாமல் பற்களை இறுக்கிக்கொண்டிருப்போர் பலர். அதனால் தாடைத் தசைகள் ஓய்வின்றிக் களைத்து, நோவு கன்னத்திலும் பொட்டிலும் காதிலும் பரவி, மூன்று விரல்கள் நுழையுமளவு திறக்க வேண்டிய வாய், ஒரு கவளத்துக்கும் சிரமப்படும் நிலையை அடைகிறது.

1934-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் காஸ்டன் இந்நோயை விவரித்தபோது, பற்களை இழந்ததால் தாடை அளவுமீறி மூடிக்கொள்வதே காரணம் என்று கருதினார். பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் தசையின் களைப்பையும் மனத்தின் நெருக்கடியையும் நோக்கலாயினர். 1969-இல் டேனியல் லாஸ்கின், மன அழுத்தமே தசையை இறுக்கி வலியைப் பிறப்பிக்கிறது என்ற கொள்கையை முன்வைத்தார். அடிபட்டதனாலும் மூட்டு வாதத்தாலும் இவ்வலி வருவதுண்டாகையால், நோயாளி ஒவ்வொருவரையும் மனக் கலக்கமுடையவர் என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. தூக்கத்தில் பல் கடிப்பவரை அதற்காகக் குற்றம் சொல்வதும் தகாது.

இயன்முறை வைத்தியர் செய்வது என்ன? வெந்நீர் ஒத்தடமும் மென்மையான தடவுதலும் தந்து, கழுத்தை நேராக்கி, கடினமான உணவைச் சிறிது காலம் விலக்கச் சொல்லுகிறார். பின்பு, 'ன'கரம் பிறக்கும் இடத்தில், அதாவது மேல்முன்பற்களுக்குப் பின்னே அண்ணத்தில், நாக்கின் நுனியை இருத்தி, அது விலகாதபடி மெதுவாக வாயைத் திறந்து மூடப் பழக்குகிறார். அவ்வாறு திறக்கையில் மூட்டு அதிகமாக வழுக்காமல் அடக்கமாகச் சுழல்கிறது. இதைச் சிறிது சிறிதாக, ஒரு நாளில் பல வேளை செய்யவேண்டும். வலியை மீறி இழுப்பது இங்கே வீரமன்று, இடையூறே. பெரும்பாலோர் கத்தியின்றி, இத்தகைய எளிய முறைகளாலேயே குணமடைகின்றனர்.

இச்சிகிச்சையில் நான் வியப்பது, தளர்ச்சியைக் கட்டளையால் பெற முடியாது என்னும் உண்மையை அது ஒப்புக்கொண்டிருப்பதுதான். "இறுக்காதே" என்று அதட்டினால் தசை மேலும் இறுகும். நாவுக்கு ஓர் இருப்பிடமும் கவனத்துக்கு ஒரு வேலையும் கொடுத்துவிட்டால், இறுக்கம் தானே விலகுகிறது. மனத்தின் விஷயமும் இவ்வாறே. பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம் தவத்தைச் சரீரம், வாக்கு, மனம் என்னும் மூன்றின் வழியாக வகுத்துக் கூறும்போது, மௌனத்தை வாக்கின் தவத்தில் சேர்க்காமல் மனத்தின் தவத்தில் சேர்த்திருப்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. சொல்லாத கடுஞ்சொல்லை உள்ளே வைத்துப் பல்லைக் கடிப்பவன் நாவை வென்றிருக்கலாம், கோபத்தை வென்றவனல்லன். கோபம் உள்ளேயே தங்கிவிட, அதன் பாரத்தைச் சரீரம் சுமக்கிறது.

இதனால் அடக்கம் வேண்டாமென்று யாரும் கொள்ளலாகாது. வெகுண்டு பேசுவதைவிடப் பொறுத்திருத்தல் மேலானதே. ஆனால் பொறுமை முதற்படி, சாந்தியே முடிவு. முதற்படியிலேயே ஆயுள் முழுவதும் நிற்பதைச் சாதனை என்று, முக்கியமாக வீட்டின் பாரத்தையெல்லாம் வாய் பேசாமல் தாங்கும் பெண்களிடம், நாம் புகழ்ந்து வந்திருப்பது பெரும் பிழை. அவர்களுடைய குறையைக் கேட்க ஒருவர் முன்வருவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. தாடை நோவு நீடித்தால் தக்க வைத்தியரை நாடுங்கள். நோவு இல்லாதவர்களோ, தம் இல்லத்தில் மௌனமாயிருப்பவரை அருகே அமர்த்தி, அவர் சொல்ல நினைப்பதை முழுவதும் சொல்லவிடுங்கள்.