என் உயிர், என் ரிஸ்க்!

சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் கிடைத்ததும் கொல்லிமலைக்குக் கிளம்பினோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். பாதியில் நண்பர், "படியில என்ன த்ரில்? பாறை வழியா இறங்கறேன்" என்றார். தடுத்தோம். "என் உயிர், என் ரிஸ்க். உங்களுக்கென்ன?"

வழுக்கினார். கணுக்கால் வீங்கிவிட்டது.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் இதைத்தான் யோசித்தார். ஆபத்தான பாலத்தில் ஒருவன் போகிறானா, எச்சரியுங்கள். தெரிந்தேதான் போகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். சரிதான். ஆனால், அவன் விழுந்தால் தூக்க இறங்குவது யார்?

எங்களுக்கு இறங்கியவர்கள் பலாப்பழம் விற்ற இருவர். வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அத்தனை படியும் சுமந்தார்கள். நண்பர் பணம் நீட்டினார். பெரியவர் வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "அடுத்த வாட்டி படியிலயே இறங்குங்க சார். எங்களுக்கும் முட்டி வலிக்குமில்ல?" என்றார்.

2018 மார்ச் 11, குரங்கணிக் காட்டுத்தீ. அதுவும் ஞாயிறுதான். மலையேறப் போனவர்கள் எரியும் காட்டில் சிக்கியபோது, ஊர்க்காரர்களும்தான் மேலே ஓடினார்கள். அவர்கள் யாரும் சாகசத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் இல்லை.

மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நானே மறுபடி போவேன். 'என் ரிஸ்க்' என்று சொல்வதற்கு முன், நம்மைத் தூக்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?