ஆவணி மூலத்தில் வந்தவர்



ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுக்கு மண் சுமந்த லீலை நடக்கிற அன்றைக்கு, மீனாட்சி அம்மன் கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள். அம்மனும் சொக்கரும் காலையிலேயே புறப்பட்டு ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்குப் போய்விடுவார்கள். சாமி திரும்பி வந்த பிறகுதான் நடை திறப்பு. மதுரைக்காரர்களுக்கு இது மனப்பாடம். பல வருஷம் ஆசைப்பட்டு, சிறுகச் சிறுகக் காசு சேர்த்து, அன்றைக்குப் பார்த்து ரயிலில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரருக்கு யார் சொல்வது? கோபுர வாசலில் நின்றபடி, "சாமி ஆரப்பாளையம் போயிருக்குங்க" என்று யாரோ சொல்லக் கேட்டுக்கொண்டு, அவர் இங்கே, ஆரப்பாளையத்துக்கு வருகிறார்.

புட்டுத்தோப்பில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும்கூட வந்திருக்கிறார்கள். கும்பிட்டுவிட்டு, புட்டுப் பிரசாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அவர் அடுத்துத் தேடுவது வைகையை. சின்ன வயதில் கேட்ட கதை அப்படி. கரையை உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம், கரையடைக்க அனுப்ப ஆளில்லாத வந்திக் கிழவி, உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமந்த சாமி, அவர் முதுகில் விழுந்து எல்லார் முதுகிலும் பட்ட பாண்டியன் பிரம்படி. அந்த ஆற்றைப் பார்க்க வந்தவர் கண்ணில் படுவது கறுத்த சாக்கடைத் தண்ணீரும் ஆகாயத்தாமரையும். துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.

ஊருக்குப் போனதும் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், "தரிசனம் நல்லபடியா கெடச்சுதா?" "திருப்தியாப் பாத்தோம்" என்பார். ஆற்றைப் பற்றி வாய் திறக்க மாட்டார். புண்ணிய தலத்தைக் குறை சொன்னால் சாமி குத்தம் ஆகிவிடுமே என்கிற பயம். இந்தப் பயத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச நினைத்தேன்.

இந்தப் பயம் இல்லாத ஒரு பக்தரைச் சொல்கிறேன். 1902-ல் காந்தி காசிக்குப் போனார். கங்கையில் குளித்துவிட்டு, ஆசையோடு விசுவநாதர் கோயிலுக்கு நடந்தார். வழுக்குகிற குறுகலான சந்து, மொய்க்கிற ஈ, காது அடைக்கிற கூச்சல். வாசலில் அழுகிய பூக்குவியல். உள்ளே நல்ல பளிங்குத் தரையை உடைத்து, யாரோ ஒரு பக்தர் வெள்ளி ரூபாய்களைப் பதித்திருந்தார். அந்த இடுக்குகளில் அழுக்கு அடைந்து கிடந்தது. அங்கே ஞானவாபிக் கிணற்றுப் பக்கம் கடவுளைத் தேடினேன், காணவில்லை என்று தன் சுயசரிதையில் எழுதிவைத்தார். தட்சணை கொடுக்க மனமில்லாமல் ஒரே ஒரு தம்பிடியை நீட்ட, அங்கிருந்த பண்டா (பூசாரி) கோபித்துச் சபித்துவிட்டு, கடைசியில் அந்தத் தம்பிடியையும் வாங்கிக்கொண்டார்.

அந்த வருத்தத்தை அவர் மனசுக்குள் பூட்டி வைக்கவில்லை. 1916 பிப்ரவரியில் அதே காசியில், இந்துப் பல்கலைக்கழக விழா மேடையில், மகாராஜாக்கள் உட்கார்ந்திருக்க, விசுவநாதர் கோயில் சந்தின் அழுக்கை எடுத்துச் சொன்னார். அவருடைய பக்தி அதனால் ஒரு துளியும் குறையவில்லை. அதற்கு நம் மதுரையே சாட்சி. நம் மீனாட்சி கோயிலின் கதவு 1939-ல் வைத்தியநாதய்யர், கக்கன் போன்றவர்களின் முயற்சியால் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்தது. அதற்குப் பிறகு, 1946-ல் காந்தி அந்தக் கோயிலுக்குள் வந்து மனம் நிறையக் கும்பிட்டார்.

அதனால் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் "என்னங்க, ஆறு இப்படிக் கெடக்கு?" என்று நம்மிடம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். வைகை மேல் அவர் வைத்திருக்கிற பாசம்தான் அப்படிக் கேட்க வைக்கிறது. நமக்குத் தினமும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது.

கதையில் பாண்டியன் கரையை வீட்டுக்கு ஒரு பங்கு என்று அளந்து கொடுத்தான். வந்திக்கு ஆள் இல்லாமல் போனதால் சாமியே கூடை தூக்க வேண்டி வந்தது. ஆரப்பாளையத்தில் இன்றைக்கு ஆளுக்கா பஞ்சம்? ஆவணி பிறப்பதற்குள் ஒரு காலையில் கரைப்பக்கம் இறங்கி நடந்து பாருங்கள். எந்தெந்த இடத்தில் சாக்கடை ஆற்றில் வந்து விழுகிறது என்று குறித்துக்கொண்டு, தெருக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மாநகராட்சியில் மனு எழுதிக் கொடுங்கள்.