பொழுது சாய்வதற்குள்

எங்கள் ஊர் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பங்களுக்கு இதுதான் தலைமையிடம். கறி, மீன், முட்டை, தேன் எதுவும் கிடையாது. பொழுது சாய்ந்தபின் சாப்பாடும் கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கொல்லாமையை இன்றும் ஏற்கிறவள்தான். ஆனால் அந்த அறத்தை ஒரு வீடு கடைப்பிடிக்கும்போது அதன் செலவு யார் உடம்பிலிருந்து போகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எனக்கு ஹீமோகுளோபின் 8.2 என்று வந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. சீட்டைப் பார்த்த மருத்துவர், "சைவமா? அப்ப அப்படித்தான் இருக்கும். முட்டையாவது சாப்பிடும்மா" என்றார். முட்டை இதற்கு நல்ல வழியல்ல. மஞ்சள் கருவில் உள்ள ஒரு புரதம் இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஈரல் என்று சொல்லியிருந்தால் அறிவியல் அவர் பக்கம் நின்றிருக்கும். இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்கிறது. கீரையிலும் பயறிலும் இருப்பதில் சிறு பங்குதான் ரத்தத்தில் சேரும். இதை மறுத்துப் பயனில்லை.

ஆனால் சைவம்தான் முழுக் காரணம் என்றால், அதே குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்த என் அண்ணனுக்கு ஏன் இல்லை? மாதவிடாய் பாதிப் பதில். ஐ.சி.எம்.ஆர். 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, நாளொன்றுக்குப் பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்பு, ஆணுக்கு 19 என்கிறது. அதிகம் தேவைப்படுகிறவளுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை; அதே வயது ஆண்களில் 25 சதவீதம். கறி தின்பவர்களே பெரும்பான்மையாக உள்ள தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல் சோகைதான். கறிக்குழம்பு கொதிக்கும் வீட்டிலும் சமைத்தவள் தட்டுக்கு வருவது பெரும்பாலும் சட்டியின் அடியில் நிற்பதுதான்.

எங்கள் வீடுகளில் இது வேறு விதமாக நடக்கும். மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அம்மா நாலு மணிக்கே அடுப்பைப் பற்ற வைப்பாள். தாத்தாவுக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு, கழனியிலிருந்து கடைசியாக வரும் அப்பாவுக்கு என்று பரிமாறி முடிப்பதற்குள் வெளியே இருட்டிவிடும். இரவில் உண்ணாமை என்ற விதி எல்லோருக்கும் பொது. கடைசியில் சாப்பிட வேண்டும் என்ற விதி பெண்ணுக்கு மட்டும். அதை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. இரண்டும் ஒன்று சேர்ந்தால் அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இல்லை. யாரும் இதைப் பட்டினி என்று சொன்னதில்லை. விரதத்தில் அவள் ரொம்பக் கறார் என்று உறவினர்கள் மெச்சினார்கள். தானே ஏற்பதுதான் விரதம். நேரம் போதாமல் விட்டுப்போன சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், கவனமற்ற செயலால் உயிருக்கு ஊறு விளைவதையே இம்சை என்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது 'கவனமற்ற' என்ற சொல். கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்காகத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறோம். எதிரே நிற்பவளின் கண் இமைக்குள் வெளுத்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் நூலின் கணக்குப்படியே இதுவும் இம்சைதான். புலால் உண்ணும் பௌத்தர்களோடு வாதம் செய்து வென்றவளாக ஒரு பெண்ணை, நீலகேசியை, தமிழ்ச் சமணம் படைத்திருக்கிறது. அவள் எங்கள் அடுப்படிக்கு வந்திருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

அறம் கேட்கும் கவனம் மருந்துக் கடையிலும் தேவைப்படுகிறது. ஒரு காலத்தில் இங்கே விற்ற சில சத்து டானிக்குகளில் விலங்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினே இருந்தது. மத்திய அரசு பின்னர் அதைத் தடைசெய்தது. ஜெலட்டின் கேப்சூல் மாட்டின் எலும்பு, தோல் போன்றவற்றிலிருந்து வருவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கு இந்தச் சங்கடம் இல்லை. 8.2-இல் நிற்கும் ஒருத்திக்கு, அவள் கறி தின்பவளாக இருந்தாலும், சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். மலம் கறுக்கும், வயிறு கொஞ்சம் புரட்டும். அளவு சரியான பிறகும் சில மாதம் தொடர்ந்தால்தான் உடம்பில் இருப்பு சேரும். பெரும்பாலோர் சோர்வு தீர்ந்ததுமே நிறுத்திவிடுகிறார்கள்.

சமையலில் பெரிய புரட்சி எதுவும் தேவைப்படவில்லை. கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அவற்றின் இரும்பு கூடுதலாக உடம்பில் ஏறும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபி அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிப்போட வேண்டும். காபியைத் தள்ளிப்போட்டதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

பந்தி வரிசையை மாற்றுவதுதான் வீட்டில் பேச்சாயிற்று. ஐந்து மணிக்குச் சமைத்தவள் முதலில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று வைத்தேன். "ஆம்பளைங்க இன்னும் கழனியிலேருந்து வரலையே" என்றார் அத்தை. "அவங்க வந்து போட்டுக்கட்டும் அத்தை, சோறு மூடித்தானே இருக்கு" என்றேன். நாலைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கீரையில் எலுமிச்சம்பழம் பிழிவதுதான் அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை.